கூரையும் ஓர் உபயமே!
கோயில் முற்றங்களுக்கு வரும் துணிக்கூரை குறித்துச் சில சிந்தனைகள்

ஆலயத் திருப்பணி என்றதும் இராஜகோபுரமும் விமானமும் கொடிமரமும் தேரும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. கருவறைக்கு வெளியே, முற்றத்தில் நின்று வழிபடும் அடியார்களின் தலைக்கு மேல் இருக்கும் கூரையை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், பினாங்குத் தீவில் வாழும் நமக்கு அது சிறிய செய்தி அன்று.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் உள்ள வானிலை நிலையத்தின் பதிவுகளைப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். ஆண்டொன்றுக்கு இங்கே பெய்யும் மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். சென்னையிலோ அது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர்தான். ஆண்டின் பெரும்பகுதியில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. தைப்பூசம் மழை குறைந்த காலத்தில் வருவது நாம் பெற்ற பேறு. ஆனால் சித்திரைப் பௌர்ணமியோ மாலைதோறும் இடியும் மின்னலும் கூடும் பருவத்தில் வருகிறது. நவராத்திரி வரும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களே இத்தீவில் மழை மிகுந்த மாதங்கள். நம் முன்னோர் தஞ்சைத் தரணியிலிருந்தும் இராமநாதபுரச் சீமையிலிருந்தும் கொண்டுவந்த திறந்த முற்ற மரபு, இந்த ஈர மண்ணில் கூரையின்றி நடைபெற இயலாது.

அண்மைக் காலமாக ஆலய நிர்வாகத்தினரிடையே ஒரு புதிய கூரை குறித்துப் பேச்சு எழுந்துள்ளது. கடற்கரை ஓய்வு விடுதிகளிலும் வணிக வளாகங்களின் வாயில்களிலும் வெண்ணிறத்தில், பாய்மரம் போலும் விரித்த சிறகு போலும் வளைந்து நிற்கும் கூரை அது. ஒப்பந்ததாரர்கள் அதனை ‘டென்சைல்’ கூரை என்பர். தமிழில் இழுவிசைத் துணிக்கூரை எனலாம். துருப்பிடித்த தகரத்தை அகற்றிவிட்டு இவ்வெண்கூரையை எழுப்பினால் ஆலயம் பொலிவு பெறும் என்பது பலரின் விருப்பம்.

அடியேனின் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இக்கூரை நம் முற்றங்களுக்கு ஏற்றதே. ஆனால் பந்தலை வாங்குவது போல இதை வாங்கக் கூடாது. கட்டடத்தை எழுப்புவது போலவே எழுப்ப வேண்டும். எழுப்பும் நாளிலேயே, அதனை மாற்றப்போகும் நாளுக்கும் பொருள் ஒதுக்கிவிட வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில், அடியார் அளித்த காணிக்கை ஒரு சூறைக்காற்றில் கிழிந்து தொங்கும்.

கீற்றும் தகரமும் கற்பித்தவை

முகூர்த்தக்கால் நட்டுக் கீற்றுப் பந்தல் போடுவது நம் மரபு. தென்னங்கீற்று வெயிலைத் தடுக்கும், காற்றை விடும், விழா முடிந்ததும் அவிழ்த்து எடுத்துவிடலாம். இந்நாட்டில் அத்தாப்பு அந்த வேலையைச் செய்தது. ஆனால் கீற்றின் பெரும் பகை தீ. 1997-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கை முன்னிட்டு அமைத்த யாகசாலைப் பந்தலில் தீப்பற்றியது. தீயிலும் நெரிசலிலும் சிக்கி 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள், திருவரங்கத்தில் கீற்றுக் கூரையின் கீழ் நடந்த ஒரு திருமணத்தில் தீ பரவி, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தீ மட்டுமே பகையன்று. 2019-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், இராஜஸ்தான் மாநிலம் பார்மேர் மாவட்டத்தில் இராம கதை கேட்கக் கூடியிருந்தோர் மீது பெருங்காற்றில் பந்தல் சரிந்து, பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சரிந்த இரும்புச் சட்டத்தில் மின்சாரம் பாய்ந்ததும் அத்துயரத்தை மிகுவித்தது. இந்நிகழ்வுகளிலெல்லாம் மக்கள் கூடியது இறைவன் பெயராலோ மங்கல நிகழ்ச்சிக்காகவோதான். தலைக்கு மேலிருந்த கூரை தற்காலிகமானது என்பதால், அதற்கு யாரும் கட்டடத்திற்குரிய கவனத்தை அளிக்கவில்லை.

நம் ஆலயங்களில் கீற்றுக்குப் பதிலாகத் தகரம் வந்தது. அது தீப்பற்றாது, விலையும் குறைவு. ஆனால் நண்பகலில் அதன் கீழ் நிற்க முடிவதில்லை. மழை பெய்யும்போது ஓதுவாரின் பாடலும் நாதஸ்வரமும் கேட்பதில்லை. உப்புக் காற்று வீசும் இத்தீவில் அது விரைவில் துருவேறிவிடுகிறது. இக்குறைகளை எண்ணியே நிர்வாகத்தினர் துணிக்கூரையின் பக்கம் திரும்புகின்றனர். அதில் பிழையில்லை.

இழுப்பே அதன் வலிமை

துணியால் பாரத்தைத் தாங்க முடியுமா என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே. கல் அழுத்தத்தைத் தாங்கும். துணியோ இழுப்பை மட்டுமே தாங்கும். ஆகவே துணியை எல்லாத் திசையிலும் இறுக இழுத்து நிறுத்தினால்தான் அது கூரையாகும். அதிலும் தட்டையாக இழுத்தால் போதாது. ஒரு திசையில் மேல்நோக்கியும் அதற்குக் குறுக்கே கீழ்நோக்கியும் வளைய வேண்டும். குதிரைச் சேணத்தை நினைத்துக்கொண்டால் இவ்வடிவம் விளங்கும். மேலிருந்து அழுத்தும் மழையை ஒரு வளைவு தாங்கும். கீழிருந்து தூக்கும் காற்றை மற்றொரு வளைவு பிடித்து நிறுத்தும்.

இக்கலையை நவீன காலத்தில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மனியின் ஃபிரை ஓட்டோ. சோப்புக் குமிழியின் மெல்லிய படலம் எந்த வடிவில் சமநிலை பெறுகிறது என்பதை ஆராய்ந்து, அவ்வடிவங்களைக் கூரைகளுக்குப் பயன்படுத்தினார். 1955-இல் காசெல் நகரில் நடந்த மலர்க் கண்காட்சிக்கு அவர் அமைத்த இசை மேடைக் கூடாரம் புகழ்பெற்றது. 2015-இல் அவருக்குக் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருது வழங்கப்பட்டது.

இக்கூரை உலகில் பெரும் பெயர் பெற்றதும் திருப்பயணிகளுக்கு நிழல் தந்தே. சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் 1981-இல் திறக்கப்பட்ட ஹஜ் விமான முனையத்தில், 45 மீட்டர் சதுரம் கொண்ட 210 கூடாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அதன் பொறியியல் பணியில் முன்னின்றவர் டாக்கா மண்ணில் பிறந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான். நம் நாட்டிலும் 1998 காமன்வெல்த் போட்டிகளுக்காக எழுந்த புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கின் கூரை இத்துணிக்கூரை வகையைச் சேர்ந்ததே. ஆகவே இது சோதனை நிலையில் உள்ள புதுமையன்று.

துணியின் வகை இரண்டு. ஒன்று பாலியெஸ்டர் இழையின் மேல் பி.வி.சி. பூசியது. விடுதிகளில் காண்பது பெரும்பாலும் இதுவே. முறையாகப் பேணினால் 15 முதல் 20 ஆண்டுகள் உழைக்கும். மற்றொன்று கண்ணாடி இழையின் மேல் பி.டி.எஃப்.இ. பூசியது. ஜெட்டாவில் உள்ளது இவ்வகை. 25 ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். தீக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இடங்கொடாது. ஆனால் விலை மிக அதிகம். மடித்தால் இழை முறியும். நம் ஆலயங்களுக்குப் பெரும்பாலும் முன்வைக்கப்படுவது முதல் வகையே. எனவே அதன் குணங்குறைகளை அறிவோம்.

இந்த மண்ணின் ஈரம்

பாலைவனத்தில் பயன்பட்டது பாயான் லெப்பாசில் அப்படியே பயன்படும் என எண்ணுதல் கூடாது. இங்குள்ள பகைகள் வேறு.

முதற்பகை ஈரம். துணியின் வெட்டிய ஓரம் திறந்திருந்தால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல உள்ளிழை ஈரத்தை உறிஞ்சும். அவ்வீரத்தில் பூஞ்சை பிடித்து, வெண்துணிக்குள் கருங்கோடுகள் ஓடும். மேலே எத்தனை முறை கழுவினாலும் உள்ளே ஓடிய கோடு போகாது. ஈரம் உறிஞ்சாதவாறு பதப்படுத்திய இழையும், நன்கு மூடி ஒட்டிய ஓரமும், அழுக்குப் படியாத மேற்பூச்சும் இங்கே ஆடம்பரம் அல்ல, அடிப்படைத் தேவை.

இரண்டாம் பகை தேங்கும் நீர். துணியின் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. ஆனால் துணி தளர்ந்து, இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஒரு பள்ளம் விழுந்து, அதில் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் அதன் எடை 400 கிலோ. பாரம் ஏற ஏறப் பள்ளம் ஆழமாகும்; ஆழமாக ஆக மேலும் நீர் சேரும். முற்றத்து அரசமரத்தின் சருகுகள் வடிகாலை அடைத்தால் இது ஒரே இரவில் நிகழலாம்.

மூன்றாம் பகை காற்று. சுமத்ராவில் தோன்றி மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன் நம் கரையில் மோதும் சூறைக்காற்றை மீனவர்கள் நன்கறிவர். 2013-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் வீசிய புயற்காற்றில், ஜார்ஜ் டவுன் மெக்கலிஸ்டர் சாலையில் உள்ள உயர்ந்த கட்டடத்தின் உச்சியிலிருந்த இடிதாங்கிக் கம்பம் பெயர்ந்து சாலையில் விழுந்தது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 நாள்களில் மழையும் காற்றும் சேர்ந்து இத்தீவை வெள்ளக்காடாக்கின; மரங்கள் வேரோடு சாய்ந்தன. நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 55 கிலோ. இருபது மீட்டர் நீளமும் பதினைந்து மீட்டர் அகலமும் உள்ள கூரையை எண்ணிப் பாருங்கள். துணியின் எடை 300 கிலோ. காற்று அதனைத் தூக்க முயலும் விசையோ 16 டன் அளவுக்கு எழலாம். வடிவத்திற்கேற்ப இது கூடும், குறையும். ஆயினும் உண்மை ஒன்றே. மற்றக் கூரைகளுக்கு அடித்தளம் இடுவது கீழே அமிழாதிருக்க. இக்கூரைக்கு அடித்தளம் இடுவது மேலே பறக்காதிருக்க. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கான்கிரீட்டில்தான் பணத்தின் பெரும்பங்கைச் செலவிட வேண்டியிருக்கும். மலிவான விலைமனு அங்கேதான் கையை வைக்கும்.

நான்காவது வெப்பம். வெண்துணி வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும்; சிறு பகுதியை மென்மையான ஒளியாகக் கீழே விடும். பகலில் விளக்கு வேண்டியதில்லை. ஆனால் துணி மெல்லியது. வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் கனம் அதற்கில்லை. ஈரம் மிகுந்த நாட்டில் உடலுக்கு இதம் தருவது நிழல் மட்டுமன்று, ஓடும் காற்றும்தான். ஆகவே கூரை உயரமாகவும் பக்கங்கள் திறந்தும், உச்சியில் வெப்பக்காற்று வெளியேற வழியுடனும் அமைய வேண்டும். தாழ்வாகக் கட்டிச் சுற்றிலும் அடைத்துவிட்டால், தகரத்தின் கீழ் பட்ட அவதியையே வெண்ணிறத்தில் படுவோம்.

விடுதியும் கோயிலும் ஒன்றல்ல

விடுதியில் அழகாக நிற்கிறதே, அதே ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிடலாமே என்று சிலர் கூறுவர். விடுதிக்கு அது வணிகப் பொருள். நிறம் மங்கினால் வருவாய் குறையும் என்பதால் மாற்றிவிடுவர். பராமரிப்புக்குச் சம்பள ஆள்கள் உண்டு. புயல் வந்தால் கூரையின் கீழ் அமர்ந்திருக்கும் சிலரை உள்ளே அழைத்துக்கொள்ளலாம்.

ஆலயத்தின் நிலை வேறு. திருவிழா நாளில் பலநூறு பேர் ஒரே முற்றத்தில் நிற்பர். குழந்தைகளும் முதியோரும் மிகுதி. கூரையின் கீழே நெய்விளக்கும் கற்பூரமும் ஓமகுண்டமும் எரியும். பி.வி.சி. பூசிய துணியில் தீத்தடுப்புச் சேர்மம் கலந்திருக்கும். தீ அகன்றால் எரிதல் நிற்கும். ஆனால் நேரடி வெப்பம் பட்டால் உருகித் துளைபடும். அதன் புகை மூச்சுக்குத் தீங்கு. எனவே யாகசாலையை இக்கூரையின் கீழ் அமைப்பதை அடியேன் ஏற்கமாட்டேன். ஓமத்திற்கெனத் தீப்பற்றாத பொருளால் தனிக்கூரையும் புகைபோக்கியும் இருப்பதே முறை. வாணவெடிகளையும் கூரைக்கு அப்பால், காற்று செல்லும் திசை பார்த்தே வைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பழைய ஆலயங்களின் சுவர்கள் சுண்ணச் சாந்தில் எழுந்தவை. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குபவை. பக்கவாட்டில் இழுக்கும் கம்பியை அச்சுவரில் பூட்டினால் வெடிப்பு விழும். துணிக்கூரை தன் சொந்தத் தூண்களிலேயே நிற்க வேண்டும். விமானத்தையும் கோபுரத்தையும் அடியார் கண்ணுக்கு மறைக்காத இடத்தில் நிற்க வேண்டும். தூரத்திலிருந்தே கோபுரத்தைக் கண்டு கைகூப்புவது நம் வழக்கம். அதன்முன் வெண்கூடாரத்தை நிறுத்துவது எவ்வகையிலும் அழகாகாது. எங்கே நிறுத்துவது என்பதை ஸ்தபதியும் சிவாச்சாரியாரும் பொறியாளரும் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்யட்டும்.

மறுப்போர் சொல்வதும் உண்டு

“விழா நாளுக்கு மட்டும் வாடகைக் கூடாரம் போதாதா?” என்பர் சிலர். ஆண்டில் ஓரிரு நாள் மட்டும் கூட்டம் சேரும் ஆலயத்திற்கு அதுவே போதும். ஆனால் வெள்ளிதோறும் அன்னதானமும், ஞாயிறுதோறும் சமய வகுப்பும் நடக்கும் முற்றத்திற்கு நிலையான கூரை வேண்டும். “அந்தப் பணத்தை ஏழை மாணவர் கல்விக்குத் தரலாமே?” என்பர் வேறு சிலர். நெஞ்சைத் தொடும் கேள்வி இது. இதற்கு விடை, தரமற்ற கூரையை இருமுறை கட்டாதிருப்பதே. ஒருமுறை நன்றாகக் கட்டி மிச்சப்படுத்துவதே கல்விக்கும் உதவும். “முதலில் கட்டுவோம், பிறகு பார்ப்போம்” என்போரும் உளர். இவர்களிடமே அடியேன் மிகவும் அஞ்சுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு

நம் மரபிலேயே இதற்கு வழி இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, ஆலயத்தைப் பழுது பார்த்து, குடமுழுக்கு நடத்துகிறோம். கல்லும் சுதையும்கூடக் காலத்தால் தேயும் என்றறிந்து முன்னோர் வகுத்த ஒழுங்கு அது. நன்கு பேணிய துணியின் ஆயுள் 15 ஆண்டுகளையொட்டி இருப்பதால், அதனை இவ்வொழுங்கிலேயே சேர்த்துவிடலாம்.

துணியை மாற்ற ஆகும் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஆண்டுதோறும் தனிக்கணக்கில் இடுக. விலை ஏறுவதற்கேற்ப அப்பங்கையும் கூட்டுக. பன்னிரண்டாம் ஆண்டில், பாலாலயக் காலத்தில் முற்றம் எப்படியும் பணிக்காகத் திறந்திருக்கும், சாரமும் கட்டியிருக்கும். அப்போது துணியின் ஒரு துண்டை எடுத்து வலிமை சோதிக்கச் செய்க. நன்றாக இருந்தால் இன்னும் சில ஆண்டு விடலாம், தளர்ந்திருந்தால் மாற்றலாம். பணம் கையில் இருக்கும். எஃகுத் தூண்களும் அடித்தளமும் அடுத்த துணிக்கும் பயன்படும்.

இடைப்பட்ட ஆண்டுகளில் செய்ய வேண்டியவை எளியவை. ஆண்டுக்கு இருமுறை மென்மையான சோப்பு நீராலும் மிருதுவான தூரிகையாலும் கழுவுதல். குளோரின் கலந்த கடுங்காரங்களைத் தவிர்த்தல். முதலாண்டு முடிவில் தளர்ந்த இழுப்பைச் சரிசெய்தல். ஒவ்வொரு சூறைக்காற்றுக்குப் பிறகும் கம்பியையும் திருகையும் பார்வையிடுதல். உப்புக் காற்றில் துருவேறிய பூட்டை உடனே மாற்றுதல். இவற்றைச் செய்ய ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குக. எல்லாரும் பார்த்துக்கொள்வர் என்று விட்டால் எவரும் பார்க்கமாட்டார்.

கட்டுமுன் நிர்வாகத்தினர் கேட்க வேண்டியவையும் சில உண்டு. பதிவு பெற்ற பொறியாளர் கையொப்பமிட்ட கணக்கு இருக்கிறதா? அதில் மலேசியக் காற்றுச்சுமைத் தரமுறையான எம்.எஸ். 1553 கருதப்பட்டுள்ளதா? பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் ஒப்புதல் பெறப்பட்டதா? பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தை ஒட்டிய பகுதியாயின், உயர்ந்த கம்பம் நடுவதற்குத் தடை உண்டா என விசாரிக்கப்பட்டதா? எஃகுத் தூண்களுக்கு இடிதாங்கியும் நிலத்தொடர்பும் உண்டா? துணியின் தீத்தடுப்புச் சான்றிதழ் எங்கே? உத்தரவாதம் துணிக்கு மட்டுமா, பொருத்திய வேலைக்கும் உண்டா? விடைகளை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் முன் வைத்தல் நன்று. வினவுவது நிர்வாகத்தின்மீது ஐயம் கொள்வதாகாது. அது திருப்பணியில் பங்குகொள்வதே.

இறுதியாக, உபயதாரப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். திறப்பு விழாவுக்கும் பளிங்குப் பலகைக்கும் கொடையளிக்க நம்மிடையே பலர் உள்ளனர். ஏழாம் ஆண்டில் கூரையைக் கழுவவும், பத்தாம் ஆண்டில் கம்பியை மாற்றவும் கொடுப்போர் மிகச் சிலர். அக்கொடைக்குப் பெயர்ப்பலகை இராது, புகைப்படம் இராது. ஆனால் நவராத்திரி இரவில் பெருமழை கொட்டும்போது, அம்பாள் சந்நிதி முன் கைக்குழந்தையோடு நிற்கும் தாய் ஒருத்தி அஞ்சாமல் நிற்பாள். அதைவிடப் பெரிய உபயம் எது? கூரை அமைக்க முன்வரும் அன்பர்கள், அதைக் காக்கும் நிதிக்கும் சேர்த்தே தங்கள் கொடையை எழுதித் தருவார்களாக!